ஒரே ஒரு இத்தாலியப் பழமொழியை அடிவரை கற்பது எப்படி

இத்தாலி மொழி படிக்கத் தொடங்கியவர்கள் பழமொழிப் பட்டியல் ஒன்றைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஐம்பது, நூறு என்று உருப்போடுவது வழக்கம். வாய்ப்பு, காலம் பற்றிய பழமொழிகள் அதில் ஏழெட்டாவது இருக்கும். எல்லாவற்றுக்கும் எதிரே ஒரே பொருள்தான் எழுதியிருக்கும்: 'வாய்ப்பை நழுவ விடாதே.' பேச்சில் கொண்டுபோய் போட்டால் எதிரில் இருப்பவர் ஒரு நொடி விழிப்பார். காரணம், அந்த ஏழெட்டும் ஒன்றல்ல. ஒன்று கையில் இருக்கும் நேரத்தைப் பற்றியது, ஒன்று ஆறிப்போகும் சூட்டைப் பற்றியது, ஒன்று தானாக வந்து விழும் பந்தைப் பற்றியது, இன்னொன்றோ அவசரப்படாதே என்கிறது. பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒன்றை மட்டும் எடுத்து ஒலி, இலக்கணம், சொல்லும் இடம், சொல்லக் கூடாத இடம் என்று அடிவரை போவதே லாபம். மற்றவை அதன் பின்னால் வந்துவிடும்.

எடுக்க வேண்டியது இது: 'கி அ தெம்பொ நொன் அஸ்பெத்தி தெம்பொ.' நேரம் உள்ளவர் நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று பொருள். ஆறே ஆறு சொல், அதில் ஒன்று இரண்டு முறை வருகிறது. ஆனால் தமிழ் நாக்குக்கு இத்தாலியில் இருக்கும் சிக்கல்களில் பாதி இந்த ஆறு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. அனுகூலங்களும்தான்.

முதலில் ஒலி. 'தெம்பொ'வில் வருவது பல்லைத் தொடும் த. ஆங்கில வழியாக இத்தாலிக்கு வருகிறவர்கள் இதை டெம்போ வண்டியின் 'ட'வாக உச்சரிப்பார்கள். அது தேவையே இல்லை. நம்மிடம் இருக்கும் 'தங்கை'யின் த அப்படியே பொருந்தும். ஆங்கிலேயர்கள் மாதக்கணக்கில் பழகும் ஒலி நமக்கு இலவசம்.

அடுத்தது 'ம்ப'. தமிழில் மெல்லினத்துக்குப் பின் வரும் வல்லினம் தானாகக் குழைந்துவிடும். 'அம்பு', 'தம்பி' என்று சொல்லிப் பாருங்கள், வருவது மெலிந்த ப. அதே பழக்கத்தில் 'தெம்பொ' என்றால் இத்தாலியர் காதில் வேறொரு சொல்லாக விழும். 'கேம்பஸ்' என்று சொல்லும்போது வரும் அழுத்தமான ப-தான் இங்கே வேண்டும். பழக ஒரு வழி: 'தெம்' என்று உதட்டை மூடி நிறுத்தி, ஒரு கணம் ஓசையே இல்லாமல் இருந்து, பிறகு 'பொ'. இடைவெளியைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். தொண்டையில் இரண்டு விரல் வைத்துப் பார்த்தால், 'ம்' சொல்லும்போது வரும் அதிர்வு 'ப'வின்போது ஒரு கணம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இன்னும் 'தம்பி'தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

சொல்லின் கடைசியில் வரும் ஒகரம் குறில். எழுத்துத் தமிழில் எகர, ஒகரக் குறில்களில் சொல் முடிவதில்லை என்பதால் நாக்கு அதை நீட்டி ஓகாரமாக்கப் பார்க்கும். நீட்டினால் அழுத்தம் கடைசி அசைக்கு நகர்ந்துவிடும். இத்தாலியில் அழுத்தம் இடம் மாறுவது சின்னத் தப்பு இல்லை. சொல்லே புரியாமல் போகும். அழுத்தம் விழ வேண்டியது 'தெம்', 'பெத்', 'தெம்' என்ற மூன்று அசைகளில். மேசையில் விரலால் மூன்று தட்டு தட்டிக்கொண்டே சொன்னால் தாளம் பிடிபடும்.

இனி அந்தத் தனி 'அ'. எழுத்தில் அது வெறும் 'அ' இல்லை, முன்னால் ஒரு ஹெச் நிற்கும். ஒலி கிடையாது. 'உடையவர்' என்பதில் உள்ள 'உடைய' என்கிற வினையின் வடிவம் அது. ஹெச் இல்லாமல் எழுதினால் '-இல், -க்கு' என்ற பொருள் தரும் வேறு சொல்லாகிவிடும். சொல்வதைக் கேட்டு எழுதும் தேர்வுகளில் மாணவர்கள் மதிப்பெண் விடும் இடம் இதுதான். அந்த எழுத்துக்கு இத்தாலியில் பெயர் 'அக்கா'. நம் அக்காவேதான், ஒலியில். 'ஓர் அக்காகூடப் புரியவில்லை' என்றால் ஒன்றுமே புரியவில்லை என்று அர்த்தம், ஒலியே இல்லாத எழுத்தாயிற்றே.

இதற்கு அடுத்து வருவதைத்தான் தமிழ் வழி கற்பவர்களுக்கு எந்தப் பாடநூலும் சொல்வதில்லை. ஃபிளாரன்ஸிலோ ரோமிலோ நேப்பிள்ஸிலோ ஒருவர் இந்தப் பழமொழியைச் சொல்லும்போது காதைத் தீட்டிக் கேளுங்கள். 'கி அ தெம்பொ' என்று வராது, 'கி அத்தெம்பொ' என்று வரும். சில ஓரசைச் சொற்களுக்குப் பின்னும், கடைசி அசையில் அழுத்தம் உள்ள சொற்களுக்குப் பின்னும் வரும் மெய் இரட்டிக்கும். எழுத்தில் அது தெரியாது, பேச்சில் மட்டும். நாம் இதை வல்லினம் மிகும் இடம் என்று பள்ளியில் படித்திருக்கிறோம்: அ + திசை, அத்திசை. சுட்டெழுத்துக்குப் பின் ஒற்று மிகுவதும் இதுவும் காதுக்கு ஒன்றேதான். வேறு மொழிக்காரர்களுக்கு இது தனிப் பாடம்; நமக்குப் புணர்ச்சி. ஆனால் ஒரு எச்சரிக்கை: மிலான், டூரின், வெனிஸ் பக்கம் இந்த இரட்டிப்பு பொதுவாகக் கிடையாது. ஆசிரியர் வடக்கத்தியராக இருந்தால் இதைப் பிழை என்றுகூடத் திருத்தலாம். பிழையல்ல. அகராதி காட்டும் செந்தர உச்சரிப்பில் இரட்டிப்பு உண்டு.

இரட்டிப்பு விஷயத்தில் நமக்கு இன்னொரு வசதியும் ஒரு பொறியும் இருக்கின்றன. 'படு'வும் 'பட்டு'ம் வேறு என்று பிறந்ததிலிருந்து தெரிந்த காதுக்கு, 'பல்ல' என்றால் பந்து, 'பால' என்றால் மண்வாரி என்ற வேறுபாடு உடனே பிடிபடும். பொறி எங்கே என்றால், இரண்டு உயிருக்கு நடுவே ஒற்றையாக வரும் வல்லினம் தமிழில் மெலியும். 'பாதி' என்பதில் வரும் 'தி'யைக் கவனியுங்கள். இத்தாலியில் அது மெலியாமல், இரட்டிக்காமலும் நிற்க வேண்டும். தமிழ் எழுத்தில் அதைக் காட்ட வழியே இல்லை: 'த' போட்டால் மெலிகிறது, 'த்த' போட்டால் தடிக்கிறது. அதனால் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் படிக்கும் பழக்கத்தை முதல் வாரத்தோடு விட்டுவிடுவது நல்லது. இந்தக் கட்டுரையில் உள்ள ஒலிபெயர்ப்புகளும் காதுக்கு ஒரு கைப்பிடி மட்டுமே.

இலக்கணத்துக்கு வருவோம். 'அஸ்பெத்தி' என்பதைப் பார்த்ததும் ஆரம்ப நிலை மாணவர் 'நீ காத்திருக்கிறாய்' என்று படிப்பார். நிகழ்கால வாய்பாட்டில் 'நீ'க்கு அதே வடிவம்தான். ஆனால் 'கி' என்றால் 'யார் ஒருவர் ... அவர்', அதற்கு வர வேண்டியது படர்க்கை ஒருமை. படர்க்கையில் சாதாரண நிகழ்காலம் 'அஸ்பெத்த'. அதைப் போட்டால் 'நேரம் உள்ளவர் காத்திருப்பதில்லை' என்று ஒரு தகவலாகிவிடும், பழமொழியின் உயிர் போய்விடும். இங்கே நிற்பது வேறொரு வினைப்பாங்கு, அதாவது தகவல் சொல்லாமல் விருப்பம், ஏவல் போன்றவற்றைச் சொல்லும் வினை வடிவம்; இத்தாலியில் 'கொஞ்ஜுந்தீவொ'. அதன் தனி வாக்கியப் பயன்பாடு நமக்குப் பழக்கமான வியங்கோள்: வாழ்க, வருக, எதிர்மறையில் செய்யற்க. 'காத்திரற்க' என்று சொன்னால் தொனிகூட ஏறத்தாழ அதேதான், கொஞ்சம் பழமை, கொஞ்சம் கட்டளை, யாரையும் நேரே சுட்டாத பொதுமை.

இந்த வடிவத்தை மனத்தில் நிறுத்த வாய்பாடு தேவையில்லை. இத்தாலியில் எந்த அலுவலகத்தின் கவுன்டரில் நின்றாலும் 'அஸ்பெத்தி உன் மொமெந்தொ' என்று ஒரு குரல் வரும், 'ஒரு நிமிடம் இருங்கள்'. மரியாதையாக ஒருவரிடம் சொல்லும் ஏவலுக்கு அவர்கள் இதே வடிவத்தைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். நண்பனிடம் என்றால் 'அஸ்பெத்த', தெரியாதவரிடம் 'அஸ்பெத்தி'. கவுன்டரில் கேட்டதும் பழமொழியில் இருப்பதும் ஒரே சரக்கு என்று தெரிந்துவிட்டால் பாதி வினைப்பாங்கு படித்தாகிவிட்டது.

எப்போது சொல்வது? ஒருவருக்கு நேரம் இருக்கிறது, செய்ய வேண்டியதும் தெரியும், 'ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்' என்று தள்ளுகிறார். அந்த இடத்துக்கானது இது. கடைசி நாளுக்கு முன்பே வரிக்கணக்கைத் தாக்கல் செய்வது, மழைக்கு முன் ஓடு மாற்றுவது, விமானச் சீட்டு எடுப்பது. அபூர்வமான வாய்ப்பு எதுவும் வந்திருக்க வேண்டியதில்லை, நேரம் இருந்தால் போதும். 'காற்றுள்ள போதே தூற்றிக்கொள்' என்று இதற்கு இணை எழுதுகிறார்கள். கொஞ்சம் தள்ளிப் போகிறது. காற்று வெளியிலிருந்து வருவது, நம் கையில் இல்லாதது. 'அலை ஓய்ந்து கடலாடலாமா' என்பதே நெருக்கம்.

முழுவதையும் சொல்லத் தேவையில்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 'கி அ தெம்பொ...' என்று இழுத்து நிறுத்திவிட்டால் மறுபாதியைக் கேட்பவரே முடித்துக்கொள்வார். முழுதாக, தெளிவாக, பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்வதுதான் வெளியாள் என்று காட்டிக்கொடுக்கும். மேலதிகாரியிடமோ வயதில் மூத்தவரிடமோ அவருடைய தாமதத்தைக் குறித்துச் சொல்லவே கூடாது, கண்டிப்பதுபோல் ஆகிவிடும். அங்கே நம்மைக் குறித்துச் சொல்லிக்கொள்ளலாம், முன்னால் 'கொமெ ஸி ஸ்வொல் தீரெ' என்று சேர்த்து. 'சொல்வார்களே, அதுபோல' என்ற இந்த முன்னொட்டு எந்தப் பழமொழியின் கூர்மையையும் மழுக்கிக் கொடுக்கும்.

பக்கத்து வீட்டுப் பழமொழிகள் சிலவற்றைப் பார்க்கலாம். அதிகம் குழப்பப்படுவது 'பத்தெரெ இல் ஃபெர்ரொ ஃபின்கே எ கல்தொ', சூடாக இருக்கும்போதே இரும்பை அடிப்பது. முதல் எழுத்து 'பஸ்'ஸின் ப. அழுத்தமும் முதல் அசையில்தான். 'பத்தேரெ' என்று நடுவில் அழுத்துவது பரவலான பிழை. 'ஃபெர்ரொ'வில் இரட்டை ரகரம் நாக்கு நுனி உருளும் ஒலி. அதைக் 'காற்று' என்பதில் வருவதுபோல் உச்சரித்தால் அங்கே யாருக்கும் புரியாது.

இது எந்த மாதிரி நேரத்தைச் சொல்கிறது என்று அறிய உலைக்கூடத்தைப் பார்க்க வேண்டும். வட இத்தாலியில் பிரெஷா மாவட்டத்தின் கமோனிக்கா பள்ளத்தாக்கில் பியென்னொ என்று ஓர் ஊர். வாய்க்கால் நீரால் சக்கரம் சுழன்று பெரிய சம்மட்டியைத் தூக்கிப் போடும் பட்டறைகள் அங்கே நூற்றாண்டுகளாக இருந்தன. ஒன்றை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். கரி குறைந்த எஃகு நன்றாக அடிபட வேண்டுமானால் 1100 முதல் 1200 டிகிரி செல்சியஸ் வரை காய்ந்து மஞ்சளாக ஒளிர வேண்டும். உலையிலிருந்து எடுத்த கணமே ஆறத் தொடங்கும். மஞ்சள் ஆரஞ்சாகும், ஆரஞ்சு சிவப்பாகும். மங்கிய சிவப்புக்குக் கீழே போனபின் அடித்தால் வடிவம் வராது, உள்ளே விரிசல்தான் விழும். மெல்லிய கம்பி என்றால் அரை நிமிடம்கூடத் தாங்காது. அதற்காகக் கூடுதலாகக் காய வைக்கலாமா என்றால், ஒரு கட்டத்துக்கு மேல் பொறி பறந்து இரும்பே எரிந்துபோகும். குறடும் சம்மட்டியும் எங்கே என்று அப்புறம் தேடுகிறவனுக்கு இங்கே இடமில்லை; பட்டடைமேல் எல்லாம் தயாராக இருந்த பிறகே கம்பி வெளியே வரும்.

அதனால்தான் இந்தப் பழமொழியைச் சும்மா நேரம் இருக்கிறது என்பதற்குப் போட முடியாது. ஏற்கனவே ஏதோ நடந்து சூடு ஏறியிருக்க வேண்டும்: வாடிக்கையாளர் ஒப்புக்கொள்ளும் மனநிலையில் இருக்கிறார், பேச்சுவார்த்தை நல்ல கட்டத்துக்கு வந்திருக்கிறது, நேர்காணல் முடிந்து மறுநாள் நன்றி மின்னஞ்சல் அனுப்பலாமா என்ற யோசனை. அங்கே சொல்லலாம். நம் 'காற்றுள்ள போதே' பொருந்துவதும் இங்கேதான்.

இலக்கணத்தில் ஒரு கண்ணி: 'ஃபின்கே' என்றால் 'இருக்கும் வரை'. அதோடு 'நொன்' சேர்ந்தால் 'ஆகும் வரை' என்று திரும்பிவிடும். 'ஃபின்கே நொன் எ கல்தொ' என்று எழுதினால், சூடாகும் வரை இரும்பை அடி என்று சொல்லியிருக்கிறோம். எதிர்மறைச் சொல் வந்தும் எதிர்மறைப் பொருள் வராத இடம் இது. எழுதும்போது இன்னொன்று: 'ஃபின்கே'யின் கடைசி எழுத்தின்மேல் கீற்று வலப்பக்கம் ஏறும், அடுத்து வரும் 'எ'மேல் இடமிருந்து இறங்கும். இத்தாலியர்களே கைபேசியில் இதைத் தவறாக எழுதுகிறார்கள், ஆனால் தேர்வில் விடமாட்டார்கள்.

'கொல்யெரெ லா பல்ல அல் பல்த்ஸொ' என்பது கறாராகப் பார்த்தால் பழமொழியே அல்ல, மரபுத்தொடர். பந்து எகிறும்போது பிடிப்பது. பழமொழி உறைந்த வாக்கியம், அதில் எதையும் மாற்ற முடியாது. மரபுத்தொடரில் வினை காலத்துக்கும் ஆளுக்கும் ஏற்ப வளையும். இந்த வினை முரட்டு வினை. நான் என்றால் 'கொல்கொ', அவர்கள் என்றால் 'கொல்கொனொ', இறந்தகாலத்துக்கு 'ஒ கொல்தொ'. ஒழுங்கு வினையைப்போல் இறந்தகாலம் அமைத்து விழுகிறவர்கள் நிறைய. 'கொல்யெரெ'க்குப் பதில் 'ப்ரெந்தெரெ'யும் போடலாம், ஆனால் அதன் இறந்தகாலமும் ஒழுங்கு வினையைப்போல் அமையாது: 'ஒ ப்ரெஸொ'.

பந்து என்றதும் கால்பந்தை நினைக்க வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் கூட்டம் கூட்டிய ஆட்டம், முன்கையில் முள்முள்ளாகச் செதுக்கிய மரக் கவசம் மாட்டிக்கொண்டு தோல் பந்தை அடிக்கும் 'பல்லோனெ கொல் ப்ரச்சாலெ'. அந்தக் கவசம் மட்டும் ஒன்றரை, இரண்டு கிலோ இருக்கும். பந்தை அந்தரத்திலேயே அடிக்கலாம், அல்லது ஒருமுறை தரையில் பட்டு எகிறும்போது அடிக்கலாம். இரண்டாம் முறை தரை தொட்டால் போயிற்று. மச்செராத்தா நகரில் இந்த ஆட்டத்துக்கென்றே ஸ்ஃபெரிஸ்தேரியொ என்ற அரங்கைக் கட்டி 1829இல் திறந்தார்கள். ஒரு பக்கம் நீண்ட நெடுஞ்சுவர், எதிரே தூண்களோடு அரைவட்ட மாடங்கள். ஆட்டம் ஓய்ந்துவிட்டது, 1921இல் அங்கே முதல் ஆப்பரா நடந்தது, இன்றும் ஆப்பரா நடக்கிறது, அந்தச் சுவர்தான் ஒலியைத் திருப்பிக் கொடுக்கிறது என்று பாடகர்கள் கொண்டாடுகிறார்கள். மரபுத்தொடர் இந்த ஓர் ஆட்டத்திலிருந்தே வந்தது என்று சொல்லிவிட முடியாது, பந்தாட்டங்கள் அதற்கு முன்பும் பல உண்டு. ஆனால் எகிறும் பந்து எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பதை இதைவிட நன்றாகக் காட்ட முடியாது. நாம் உருவாக்காத, வேறொருவர் பேச்சில் எதிர்பாராமல் வந்து விழுந்த வாய்ப்புக்கே இந்தத் தொடர். கூட்டத்தில் யாரோ 'விடுமுறை' என்ற சொல்லை எடுத்தார், அதைச் சாக்கிட்டு நீங்கள் உங்கள் விடுப்பைக் கேட்டீர்கள் என்றால், பந்தைப் பிடித்துவிட்டீர்கள்.

'ஒஞ்ஞி லஷ்ஷாத எ பெர்ஸ', விட்டதெல்லாம் போனதே. 'விஞ்ஞானம்' சொல்லத் தெரிந்தவருக்கு முதல் சொல்லில் சிரமமே இல்லை. இதைக் கனமான இடத்தில் போடாதீர்கள். காதல் சீண்டல், இரண்டாவது முறை நீட்டப்படும் இனிப்பு, தள்ளுபடி விற்பனை, இந்த மாதிரிக் குறும்புக்கானது. 'கி தார்தி அர்ரீவ மாலெ அல்லொஜ்ஜ' என்பது, தாமதமாக வந்தவனுக்கு நல்ல தங்குமிடம் கிடைக்காது என்பது, பெரும்பாலும் சாப்பாட்டு மேசைக்குப் பிந்தி வந்தவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொல்வது.

கடைசியாக, எதிர்க்கட்சி. 'கொல் தெம்பொ எ கொன் லா பல்ய மதூரனொ லெ நெஸ்பொலெ': காலத்தாலும் வைக்கோலாலும் நெஸ்பொலப் பழங்கள் பழுக்கும். நம் 'பதறாத காரியம் சிதறாது' வகை. வினையின் அழுத்தம் 'தூ'வில். 'மதுரானொ' என்று பின்னுக்குத் தள்ளக் கூடாது. படர்க்கைப் பன்மையில் அழுத்தம் ஒருமையில் இருந்த அசையிலேயே நிற்கும் என்ற விதியை இந்த ஒரு சொல்லிலேயே படித்துவிடலாம்.

இன்று இத்தாலியச் சந்தையில் ஏப்ரல், மே மாதங்களில் 'நெஸ்பொலெ' என்று விற்கும் மஞ்சள் பழத்தை வாங்கிப் பார்த்து, இதற்கு எதற்கு வைக்கோல் என்று குழம்புகிறவர்கள் உண்டு. அது ஜப்பான் நெஸ்பொல, மரத்திலிருந்து பறித்து அப்படியே தின்பது. பழமொழியில் உள்ளது ஐரோப்பாவின் பழைய நெஸ்பொல: பழுப்பு நிறம், சிறிய ஆப்பிள் அளவு, அடியில் கிரீடம்போல் விரிந்த புல்லி. அக்டோபர் கடைசியில், நவம்பரில் பறிக்கும்போது கல்லாக இருக்கும். துவர்ப்பில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். குளிர்ச்சியான, காற்றோட்டமுள்ள அறையில் வைக்கோல் பரப்பி, ஒன்றோடொன்று படாமல் ஒரே அடுக்காக, புல்லிப்பக்கம் கீழே இருக்கும்படி வைப்பார்கள். இரண்டு முதல் நான்கு வாரத்தில் உள்சதை பழுப்பாகிக் குழைந்து துவர்ப்பு போய் இனிக்கும். பார்ப்பதற்கு அழுகியதுபோல் இருக்கும், அழுகல் இல்லை. குவித்து வைத்தாலோ ஈரம் தங்கினாலோ பூஞ்சை பிடித்து எல்லாம் வீண். பார்த்தால், காத்திரு என்கிற இந்தப் பழமொழிகூட கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்லவில்லை. வைக்கோல் பரப்பியவனுக்குத்தான் பழம்.

பயிற்சிக்கு இவ்வளவு போதும். முதல் பழமொழியை இத்தாலியர் ஒருவர் சொல்லும் பதிவைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கேட்க மட்டும், பிறகு அவரோடு ஒரே நேரத்தில் சொல்ல, பிறகு கைபேசியில் உங்கள் குரலைப் பதிந்து 'ம்ப'வையும் கடைசி ஒகரத்தையும் மட்டும் சோதிக்க. இலக்கணத்துக்கு அதே சட்டகத்தில் வினையை மாற்றிப் பாருங்கள்: பசி உள்ளவர் உண்க, தூக்கம் வருகிறவர் உறங்குக என்று 'கி'யில் தொடங்கிப் பத்து வாக்கியம். பெருஜா, சியெனா நகரங்களில் உள்ள வெளிநாட்டவர் பல்கலைக்கழகங்கள் நடத்தும் மொழித் தேர்வுகளில் நடுநிலைக்கு வந்ததும் இந்த வினைப்பாங்கு தவறாமல் வரும்.

வேலைக்கோ படிப்புக்கோ இத்தாலிக்கு எழுதுகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. வாய்ப்பைப் பற்றிக்கொள்வது என்ற தொடரை இத்தாலியர் மிக அதிகமாகப் பயன்படுத்தும் இடம் கடிதத்தின் கடைசி வரி: 'கொல்கொ லொக்கஸ்யோனெ பெர்...', 'இந்த வாய்ப்பைப் பயன்படுத்தி...' என்று தொடங்கி வணக்கம் சொல்லி முடிப்பார்கள். அந்த வணக்கத்தில் 'உங்களுக்கு' என்பதைக் குறிக்கும் உறுப்பைச் சொல்லின் நடுவே வந்தாலும் பெரிய எழுத்தில் தொடங்குவது பழைய மரியாதை. இன்று விட்டுவிட்டாலும் பிழையில்லை, ஆனால் பேராசிரியருக்கும் தூதரகத்துக்கும் எழுதும்போது போட்டுவிடுங்கள்.